கம்பை வைத்துவிட்டுக் காவலுக்கு வாருங்கள்

மலையகத் தோட்டங்களில் இரவுக் காவலுக்கு இறங்கியிருக்கும் தம்பிமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாரே,

மஸ்கெலியாவிலும் நோர்வூட்டிலும் பொகவந்தலாவையிலும் என்னிடம் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் இன்று உங்கள் கூட்டத்தில் இருப்பது எனக்குத் தெரியும். லயத்தில் காஸ் சிலிண்டர் களவு போனது, கோயில் உண்டியலை உடைத்தார்கள், பின்பக்கத்துத் தோட்டத்தில் விளைந்து நின்ற லீக்ஸை ஒரே இரவில் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள், அதனால் விழிப்புக்குழு போட்டிருக்கிறோம் டீச்சர் என்றார்கள். ஆளுக்கொரு கம்பு, இரண்டு விசில், நாலு டோர்ச், இரவு பத்திலிருந்து விடியற்காலை நாலு வரை சுற்று. கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. துரை பார்க்கட்டும், சங்கத் தலைவர் பேசட்டும், பொலிஸ் வரட்டும் என்று இஸ்தோப்பில் குந்திக்கொண்டிராமல் நீங்களே எழுந்து நிற்கிறீர்கள். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அந்தக் கம்புதான் எனக்குப் பிடிக்கவில்லை. கம்போடு நின்றாலும் பரவாயில்லை, சில பேர் கவாத்துக் கத்தியை இடுப்பில் சொருகிக்கொண்டு வருகிறார்களாம். அதைக் கேட்ட பிறகு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2011 ஆகஸ்ட் மாதம் உங்களில் பலருக்கு நினைவிருக்காது. பிள்ளைக்காம்பராவிலோ ஆண்டு ஒன்றிலோ இருந்திருப்பீர்கள். கிறீஸ் பூதம் வந்த மாதம் அது. உடம்பு முழுக்க கிறீஸ் பூசிக்கொண்டு எவனோ வருகிறான், பெண்களைக் கீறுகிறான், பிடித்தால் வழுக்கிக்கொண்டு ஓடுகிறான் என்று பேச்சு. மலையகம், கிழக்கு, புத்தளம், யாழ்ப்பாணம் என்று நாடு முழுக்கப் பரவியது. அப்போதும் தோட்டங்களில் இரவுக் காவல் போட்டார்கள். அப்போதும் கம்பு, விசில், டோர்ச். அப்புத்தளைப் பக்கத் தோட்டமொன்றில் இரண்டு பேரைப் பூதம் என்று சந்தேகித்து ஆட்கள் கூடிக் கொன்றேவிட்டார்கள். அதே மாதம் புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரர் கூட்டத்தின் கையில் செத்தார். யாழ்ப்பாணத்து நாவாந்துறையில் இராணுவம் இரவில் வீடு வீடாகப் புகுந்து ஆண்களை அடித்து இழுத்துக்கொண்டு போனது.

பெண்கள் சொன்னது எல்லாமே பொய் என்று நான் சொல்லவில்லை. அவர்களுடைய பயம் உண்மை. லயத்துக் கக்கூசுக்கு இரவில் போக அஞ்சிய பெண்ணிடம் "பூதமும் இல்லை, பிசாசும் இல்லை, போய்ப் படு" என்று அதிகாரிகள் சொன்னது அந்தப் பயத்தைத் தீர்க்கவில்லை. யாரும் காது கொடுக்காததால்தான் ஆட்கள் கம்பை எடுத்தார்கள். ஆனால் அந்தக் கூட்டத்தில் நின்றவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். பகலில் கொழுந்து நிறுத்துவிட்டு, பின்னேரம் பிள்ளைக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்த மனிதர்கள். கொலை செய்யவேண்டும் என்று எவரும் வீட்டிலிருந்து கிளம்பியிருக்க மாட்டார்கள். இருட்டு, பயம், பத்துப் பேர், பத்துக் கம்பு. முதல் அடியை ஒருவன் போட்டால் மற்ற ஒன்பது பேருக்கும் கை தானாக எழும்புகிறது.

அன்றைக்குக் கதை பரவ இரண்டு மூன்று நாள் பிடித்தது. இன்றைக்கு உங்கள் வட்ஸ்அப் குரூப்பில் அரை நிமிஷம் போதும். வெள்ளை வேனில் பிள்ளை பிடிக்கிறார்கள் என்று ஒரு குரல் பதிவு வரும். எந்த ஊர், எந்த நாள், பேசுவது யார் என்று ஒன்றும் இருக்காது. தமிழ்நாட்டில் இதற்கு ஒரு பாட்டியைப் பலிகொடுத்தார்கள். 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம், போளூர்ப் பக்கம். சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலைத் தேடிக் குடும்பத்தோடு காரில் வந்த 65 வயதுப் பெண் அவர். வழி விசாரிக்க இறங்கிய இடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு சொக்லட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று கிராமமே சேர்ந்து அடித்தது. அந்தக் கிராமத்து ஆட்களின் போனிலும் அதற்கு முதல் வாரங்களில் ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"எங்கள் தாத்தாமார் கம்பு எடுக்கவில்லையா டீச்சர்?" என்று என்னிடம் ஒருவன் கேட்டான். எடுத்தார்கள். 1977 ஆகஸ்டிலும் 1983 ஜூலையிலும் கலவரக்காரர்கள் லயங்களை எரிக்கக் கூட்டமாக வந்தார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் தேயிலைக்குள்ளும் காட்டுக்குள்ளும் ஒளித்துவைத்துவிட்டு ஆண்கள் விழித்திருந்தார்கள். அந்தக் கம்புக்கு நியாயம் இருந்தது. வருகிறவன் யார், எதற்கு வருகிறான் என்பதில் அன்றைக்கு யாருக்கும் சந்தேகமில்லை. இன்றைக்கு நீங்கள் தேடுவது சிலிண்டர் திருடனை. அவன் முகம் உங்களுக்குத் தெரியாது. முகம் தெரியாத ஒருவனைத் தேடும்போது யாருடைய முகமும் அவன் முகமாகத் தெரியும். அதுதான் என் பயம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "பிடித்தால் இரண்டு போடலாம்தானே" என்று நினைப்பவர்கள் உங்களில் இருக்கிறார்கள். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம், 35 ஆம் பிரிவு. பொலிஸ் அல்லாத ஒருவரும் ஆளைப் பிடிக்கலாம் என்று அது சொல்கிறது. ஆனால் எப்போது? உங்கள் கண் முன்னால், பிடியாணை இல்லாமல் பொலிஸ் பிடிக்கக்கூடிய குற்றத்தைச் செய்தால். அல்லது தப்பி ஓடுகிறான், அப்படிக் குற்றம் செய்திருக்கிறான் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால். பிடித்தவனைத் தாமதிக்காமல் பொலிஸில் ஒப்படைக்க வேண்டும். அவ்வளவுதான் உங்கள் அதிகாரம். மரத்தில் கட்டவோ, அறையவோ, கும்பிடச் சொல்லி வீடியோ எடுக்கவோ அங்கே ஒரு வரி இல்லை. அப்படிச் செய்தால் திருடன் முறைப்பாட்டுக்காரனாகிவிடுவான், நீங்கள் விளக்கமறியலில் இருப்பீர்கள். ஒரு தவணைக்கு ஹட்டன் நீதிமன்றத்துக்கு இறங்கினால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகும், லோயருக்குக் கொடுக்கத் தீபாவளி முற்பணம் போகும். சிலிண்டரின் விலையோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். உங்கள் சுற்றில் முதலில் மாட்டப்போவது திருடனாக இருக்காது. பக்கத்து டிவிசனிலிருந்து ஒரு பெண்பிள்ளையைப் பார்க்க வந்த பொடியனாக இருக்கும். அல்லது கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட புடவை வியாபாரி, பொட்டணியோடு குறுக்குப் பாதையில் நடந்து வருவார். அல்லது தவறணையிலிருந்து வழி தவறி வந்த யாரோ ஒருவர். அந்தப் பொடியனை என்ன செய்வீர்கள்? அவன் என்ன சாதி என்று முதலில் கேட்க மாட்டீர்கள் என்று எனக்குச் சத்தியம் செய்து தருவீர்களா? விழிப்புக்குழு என்று தொடங்கி, யார் யாரோடு பேசுகிறார்கள் என்று பார்க்கிற குழுவாக முடிந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தோட்டத்தில் மூன்று மாதத்துக்குள் ஒரு பெண்பிள்ளை படிப்பை விட்டது. களவு நிற்கவில்லை.

இப்போது களவுக்கு வருவோம். எப்போது நடக்கிறது? கோயில் உண்டியலை விட்டுவிடுங்கள், அது இரவு வேலைதான். மற்றவை? காலை ஏழரை மணிக்குப் பிரட்டு முடிந்து எல்லோரும் மலைக்கு ஏறிய பிறகு லயத்தில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பள்ளிக்கூடம் போகாத குஞ்சு குருமான்கள், படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்கள், வேலைக்காலம் முடிந்த கிழவிகள். பின்னேரம் நாலரை மணி வரை அப்படித்தான். சிலிண்டரும் போனும் காதில் போடுகிற தோடும் போகிற நேரம் பெரும்பாலும் அதுதான். எல்லோரும் வீட்டில் இருக்கிற நேரத்துக்குக் காவல், யாருமே இல்லாத நேரத்துக்குக் காவல் இல்லை. இதை உங்களிடம் யாரும் கேட்கவில்லையா?

பகலில் காவலே இல்லை என்று சொன்னதும் தவறு. இருக்கிறது. நீங்கள்தான் அதைக் காவல் என்று எண்ணுவதில்லை. முன்பு ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வரவில்லையென்று தேடி, காலை பத்து மணி போல ஒரு மேல்கணக்குத் தோட்டத்துக்கு ஏறினேன். முதல் லயத்து இஸ்தோப்பில் ஒரு ஆச்சி வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவேயில்லை. "யாரு? எந்தத் தோட்டம்? யாரு வீட்டுக்கு?" என்றார். சொன்னேன். "உன் அம்மா மவுசாக்கலைப் பக்கமா? மூக்குத்தி போட்டவளா?" என்றார். மூன்று கேள்வியில் என் வம்சமே அவர் கையில். இரண்டாவது லயத்துக்கு நான் போய்ச் சேருமுன்னே அங்கேயும் என் பெயர் போய்ச் சேர்ந்திருந்தது. எந்த விசிலும் இல்லை, எந்த டோர்ச்சும் இல்லை. யாரையும் அடிக்கவும் இல்லை. உங்கள் குழுவில் அந்த ஆச்சி இருக்கிறாரா?

இல்லை. உங்கள் குழுவில் பெண்களே இல்லை. இரவில் பெண்பிள்ளைகள் எப்படிச் சுற்றுவது என்று கேட்கிறீர்கள். சுற்றச் சொல்லவில்லை. இரவுச் சுற்று காவலில் ஒரு பங்குதான். எதைப் பார்க்க வேண்டும், எதைப் பெரிதாக எடுக்க வேண்டும் என்று முடிவு செய்கிற இடத்தில் அவர்கள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். இரவு பதினொரு மணிக்கு நாலாம் காம்பராவில் ஒரு பெண் அலறுகிறாள். நீங்கள் ஆறு பேர் கம்போடு அந்த வாசலைத் தாண்டிப் போகிறீர்கள். "குடும்பச் சண்டை, நமக்கெதற்கு?" வெளியாள் ஒருவன் அவளைத் தொட்டிருந்தால் தோட்டமே கூடியிருக்கும். புருஷன் அடித்தால் குடும்பச் சண்டை. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போகச் சொல்லவில்லை நான். அந்த நேரத்தில் எழுந்து வந்து "என்ன சத்தம்?" என்று வாசலில் நிற்க இரண்டு அக்காமார் குழுவில் இருந்தால் போதும். அடிக்கிற கை பாதி நேரம் அங்கேயே நின்றுவிடும். நிற்காவிட்டால் பெண்களுக்கான உதவி எண் 1938 இருக்கிறது, பொலிஸுக்கு 119 இருக்கிறது. பிள்ளையென்றால் 1929.

கசிப்பு விற்கிறவன் யார் என்பதும் உங்களுக்குத் தெரியாமலில்லை. எந்த ஓடைக்கரையில் காய்ச்சுகிறார்கள், எந்தக் காம்பராவின் பின்கதவில் போத்தல் கைமாறுகிறது, இப்போது அதோடு சேர்த்து வேறென்ன சின்னச் சின்னப் பக்கற்றில் வருகிறது, பாடசாலைப் பொடியன்களில் யார் யாருக்குப் போகிறது என்று எல்லாம் தெரியும். ஆனால் அவன் சித்தப்பா மகன். அல்லது தலைவருக்கு வேண்டியவன். வெளியாள் யாராவது வருகிறானா என்று கேற்றடியில் காத்து நிற்கிறீர்கள், உங்கள் முதுகுக்குப் பின்னால் லயத்துக்குள் வியாபாரம் நடக்கிறது. உறவைப் பகைக்கச் சொல்வது லேசான காரியமில்லை, எனக்குத் தெரியும். அதனால்தான் தனி ஆள் முறைப்பாடு செய்யாமல் குழுவாகச் செய்ய வேண்டும் என்கிறேன். குழுவின் பெயரில் எழுத்தில் போனால் எந்தச் சித்தப்பாவும் எந்தத் தனி ஆளையும் கைநீட்ட முடியாது.

வெளியாள் என்றதும் இன்னொரு வெளியாள் ஞாபகத்துக்கு வருகிறார். இவர் இரவில் வர மாட்டார். பகலில் நல்ல உடுப்போடு ஓட்டோவில் வந்து, இஸ்தோப்பில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, "கொழும்பில் நல்ல வீடு, பிள்ளையைச் சொந்தப் பிள்ளை மாதிரிப் பார்ப்பார்கள்" என்று சொல்லி முற்பணம் கொடுத்துவிட்டுப் போவார். டயகமவிலிருந்து தரகர் மூலம் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன சிறுமி 2021 ஜூலையில் தீக்காயங்களோடு கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இறந்தாள். வயது 16. ஊர்வலம் போனோம், பதாகை பிடித்தோம், மெழுகுவர்த்தி கொளுத்தினோம். ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வராமல் நின்று, பிறகு லயத்திலிருந்தே காணாமல் போவதைக் கவனிக்க ஒரு காவல் போட்டோமா? இடாப்பில் பெயர் வெட்டுவதற்கு முன்னால் என்னைப் போன்றவர்கள் உங்களிடம் சொல்ல வேண்டும், நீங்கள் என்னைப் போன்றவர்களிடம் சொல்ல வேண்டும்.

எது நம் ஆட்களை அதிகமாக அழித்திருக்கிறது என்று கேட்டால் திருடன் கடைசியில்தான் வருவான். முதலில் மண், அடுத்து நெருப்பு.

லயம் தீப்பிடித்த செய்தி வராத வருஷம் இல்லை. வெள்ளைக்காரன் காலத்து மரம், எப்போதோ போட்ட வயர், ஒரு பிளக்கில் நாலு சாமான். பல லயங்களில் காம்பராவுக்குக் காம்பரா சுவர் முகடு வரை போவதில்லை. ஒரு மூலையில் பிடித்த தீ கூரைக்குக் கீழாகவே மற்ற மூலைக்கு ஓடிவிடும். தீயணைப்பு வண்டி நகரத்திலிருந்து அந்தப் பாதையில் ஏறி வருவதற்குள் பத்துக் குடும்பம் கோயில் மண்டபத்தில் இருக்கும். பாத்திரம் பண்டத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பிள்ளையின் ஓ.எல். சான்றிதழ் எரிந்தால் என்னாகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குடியுரிமைக்காக 1948 இலிருந்து 2003 வரை கடதாசிக்கு அலைந்த சனம் நாம். உங்கள் குழுவிலே ஒருவருக்காவது எந்தக் காம்பராவில் மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தெரியுமா? படுத்த படுக்கையாக இருக்கிறவர் எந்த லயத்தில், எத்தனையாவது காம்பராவில்? பீலியில் தண்ணீர் இல்லாத மாசி, பங்குனியில் தீப்பிடித்தால் தண்ணீர் எங்கிருந்து வரும்? சுற்றப் போகும்போது இதைப் பாருங்கள். இருட்டில் புதரை டோர்ச் அடித்துப் பார்ப்பதைவிட இதற்குப் பிரயோசனம் அதிகம்.

மண்ணைப் பற்றிச் சொல்லவேண்டியது நிறைய. 2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்தை மீரியபெத்தை. காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம் மலை இறங்கி லயங்களை மூடியது. பின்னேரம் திரும்பி வந்த சில பிள்ளைகளுக்கு வீடும் இல்லை, பெற்றாரும் இல்லை. அங்கே மலை சரியும் என்று 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை கடதாசியில் இருந்தது, ஆட்கள் லயத்தில் இருந்தார்கள். போவதற்கு வேறு காணியும் இல்லை, வீடும் இல்லை என்பது பெரிய அநியாயம், அதைத் தனியாகப் பேச வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயலோடு வந்த மழையில் கண்டியிலும் நுவரெலியாவிலும் பதுளையிலும் எத்தனை இடத்தில் மலை இறங்கியது என்று நீங்களே பார்த்தீர்கள். நாடு முழுக்க 600க்கு மேற்பட்டவர்கள் போனார்கள்.

இரவில் விழித்திருக்கிற ஆள் ஒருவர் இருந்தால் இதில் செய்யக்கூடியது உண்டு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 தாண்டினால் ஆயத்தமாக வேண்டும், 150 தாண்டினால் வெளியேற வேண்டும். ஒரு மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் வெளியேற வேண்டியதுதான். கழுத்துப் பக்கத்தை வெட்டிய, நேர்ச்சுவரும் தட்டையான அடியும் உள்ள ஒரு போத்தலும் பள்ளிக்கூட அடிமட்டமும் போதும், வெட்டவெளியில் வைத்து அளக்கலாம். அதோடு கண்ணும் வேண்டும். லயத்துக்கு மேலே மண்ணில் புதிதாக வெடிப்பு விழுந்திருக்கிறதா? ஊற்றுத் தண்ணீர் திடீரெனக் கலங்கி வருகிறதா, அல்லது நின்றுவிட்டதா? நேற்றுவரை மூடிய கதவு இன்றைக்கு இறுகுகிறதா? மரமோ போஸ்டோ சாய்ந்திருக்கிறதா? இதைப் பார்த்தவன் விசில் அடிக்கட்டும், அப்போது தோட்டமே எழும்பட்டும். விசில் உண்மையில் அதற்குத்தான் வேண்டும். அந்தக் காலத்தில் விடியற்காலை ஆட்களை எழுப்பத் தப்பு அடித்தார்கள். கோயிலில் இன்றும் தப்பு இருக்கிறது. கரண்டும் சிக்னலும் போன இரவில் அதுவும் உதவும், எந்த அடிக்கு என்ன அர்த்தம் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால்.

சுற்றுகிறபோது காட்டோரத்தில் சுருக்குக் கம்பி கண்டால் அதையும் எடுத்துவிடுங்கள். பன்றிக்கு வைக்கிறார்கள், சிறுத்தை மாட்டுகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணியில் மாட்டிய கருஞ்சிறுத்தையை உடவளவைக்குக் கொண்டுபோயும் காப்பாற்ற முடியவில்லை. காலில் கம்பியோடு உயிரோடிருக்கிற சிறுத்தைக்குப் பக்கத்தில் விடியற்காலை கொழுந்தெடுக்க நிற்கப்போவது உங்கள் அம்மாதான்.

பொலிஸைப் பற்றி நீங்கள் சொல்வது எனக்குத் தெரியும். அவசரகாலச் சட்டத்தையும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தையும் காட்டி மலையகப் பொடியன்களைப் பிடித்துக்கொண்டு போனது, முறைப்பாடு கொடுக்கப் போனவரைக் காக்க வைத்தது, சிங்களத்தில் எழுதி "இங்கே அத்சன் கரன்ன" என்று கையெழுத்துக்கு நீட்டியது. இதெல்லாம் கற்பனை இல்லை. அதற்காகப் பொலிஸுக்குச் சொல்லாமல் ஒரு காவல் நடத்தினால், நாளைக்கு ஏதாவது நடந்தால் நீங்கள்தான் குற்றவாளிக் கூட்டம். நுவரெலியாவும் அம்பகமுவையும் இரு மொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. உங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் பதியக் கேளுங்கள். வாசித்து விளங்காத எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். கிராம உத்தியோகத்தர் பிரிவுக்கு ஒன்று என்று சமுதாய பொலிஸ் குழு போட்டிருக்கிறார்கள். ஒரே பிரிவுக்குள் நாலைந்து டிவிசனும் ஒரு சிங்களக் கிராமமும் இருக்கும். நம் பக்கத்திலிருந்து யார் போகிறார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள், அல்லது யாருக்கும் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் கிராமத்து ஆட்களோடும் பேசுங்கள். அவர்கள் வீட்டிலும் சிலிண்டர் களவு போகிறது.

இனி தொழிற்சங்கம். 2024 செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல், நவம்பரில் பாராளுமன்றத் தேர்தல், 2025 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தல். ஒரு வருஷத்துக்குள் மூன்று. அந்த நாட்களில் சேவல் சின்னக்காரன் சுற்றுக்கு வந்தால் மண்வெட்டிச் சின்னக்காரன் வரமாட்டான் என்று பிரிந்த குழுக்களை நீங்களும் அறிவீர்கள். தலைவர்மார் குழுவில் இருக்கட்டும், மரியாதைக்குரியவர்கள். ஆனால் பொறுப்பில் வேண்டாம். சந்தாவையும் செக்ரோலில் வெட்டச் சொல்லாதீர்கள். பற்றரிக்கும் மழைக்கோட்டுக்கும் எவ்வளவு ஆகப்போகிறது? கையில் வாங்கி, கோயில் சுவரில் கணக்கை ஒட்டுங்கள்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். வருகிற சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் முற்றத்தில் ஒரு கூட்டம் வையுங்கள். கம்பையும் கத்தியையும் வீட்டில் வைத்துவிட்டு வருவதாக எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். பகல் காவலை இஸ்தோப்பு ஆச்சிமாரிடமும் பிள்ளைக்காம்பரா அம்மாவிடமும் ஒப்படையுங்கள், அவர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிற வேலைதான், அழைக்க ஒரு நம்பரும் கொஞ்சம் மரியாதையும் சேர்த்துக் கொடுங்கள். விடிந்தால் பிரட்டுக்குப் போகிறவனை இரவு முழுக்கச் சுற்ற விடாதீர்கள். இரண்டிரண்டு மணித்தியாலமாகப் பிரியுங்கள். ஓ.எல். எழுதுகிற பிள்ளைகளைக் கண்டிப்பாகச் சேர்க்காதீர்கள், டீச்சராகக் கேட்கிறேன். இருட்டில் யாரைக் கண்டாலும் தூரத்தில் நின்று டோர்ச் அடித்து, பெயரைக் கேட்டு, யார் வீட்டுக்கு என்று கேட்டு, அந்த வீடு வரை கூட்டிக்கொண்டு போய் விடுங்கள். யாரும் தெரியாதவர் என்றால் கோயில் வாசலில் உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்து 119க்குச் சொல்லுங்கள். குரூப்பில் வருகிற குரல் பதிவை, சொன்னவர் பெயரும் இடமும் தெரியாமல் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். "11.40. பத்தாம் லயத்துக்குப் பின்னால் நாய் குரைத்தது. போய்ப் பார்த்தோம், பன்றி. போத்தலில் மழை 32. மூன்றாம் லயத்து ஆறாம் காம்பராவில் வயர் சூடாக இருக்கிறது, காலையில் ஆபிஸுக்குச் சொல்ல வேண்டும்." இப்படி எழுதி, சுற்றில் போன இரண்டு பேரும் கையெழுத்து வைத்தால் போதும். ஆறு மாதம் எழுதுங்கள். அந்தக் கொப்பியோடு துரையிடம் போய் வயரை மாற்றக் கேட்கலாம். பிரதேச சபைக்குப் போய்ப் பாதைக்கு லைட் கேட்கலாம். தோட்டத்துக்குள் சபை காசைச் செலவழிக்க இடம் கொடுக்காதிருந்த சட்டம் 2018 இல் திருத்தப்பட்டுவிட்டது, அந்தச் சாக்கை இனி யாரும் சொல்ல முடியாது.

கூட்டத்துக்குக் கூப்பிட்டால் எந்தத் தோட்டமானாலும் வருவேன். முதல் சி.ஆர். கொப்பி என் செலவு. எந்த ஞாயிறு, எந்த டிவிசன் என்று மட்டும் முன்கூட்டிச் சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருத்தி
ஹட்டன்